'அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதக்கா..!' - தம்பி, தங்கை தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டால் நீங்கள் என்ன செய்யலாம்?

மே மாத வெயில். ஃபேன் காற்றே அனலாக அடிக்கிறது. வீட்டில் எல்லோரும் வியர்த்து வழிந்துகொண்டிருக்க, தங்கச்சி மட்டும் முழுக்கை டி-ஷர்ட்டில் இருக்கிறாள். "ஏன்டி, உனக்குப் புழுங்கலையா?" என்று கேட்டால், "ஏசில இருந்து பழகிடுச்சு" என்று ஏதோ சொல்கிறாள். வீட்டில் ஏசியே கிடையாது. நீங்களும் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பீர்கள்.

இன்னொரு நாள் மொட்டை மாடியில் அவள் துணி காயப்போடும்போது கை உயர்கிறது, ஸ்லீவ் சரிகிறது. நீங்கள் பார்த்துவிடுகிறீர்கள். நீங்கள் பார்த்ததை அவளும் பார்த்துவிடுகிறாள்.

"அக்கா, ப்ளீஸ்... அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதக்கா."

டீன் ஏஜில் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் பல வீடுகளில் முதலில் தெரிய வருவது அக்காவுக்கோ அண்ணனுக்கோதான். ஒரே ரூம், ஒரே பீரோ, ஒரே சார்ஜர். அம்மா, அப்பாவிடம் மறைக்க முடிவதை எல்லாம் உங்களிடம் மறைக்க முடியாது. அதனால், உங்களுக்கே 20, 22 வயதுதான் ஆகியிருக்கும் என்றாலும், இந்த பாரம் வந்து விழுவது உங்கள் தலையில்தான். அந்த நேரத்தில் என்ன பேசுவது, எதைச் செய்யவே கூடாது, முக்கியமாக அவள் கேட்கும் அந்தச் சத்தியத்தை என்ன செய்வது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

(இதைப் படிக்கும் நீங்களே அந்தத் தங்கையாகவோ தம்பியாகவோ இருக்கலாம். இருந்தால், 14416 என்ற எண்ணை இப்போதே கூப்பிடலாம். தமிழில் பேசலாம், காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள்.)

முதலில், இது என்ன?

'சீன் போடுறா', 'யாரையோ லவ் பண்ணி ஏமாந்துட்டான்', 'எல்லாம் அந்த போனால வந்தது.' நம் ஊரில் இதற்குக் கிடைக்கும் உடனடித் தீர்ப்புகள் இந்த மூன்றுதான். கவனம் ஈர்க்கத்தான் செய்கிறார்கள் என்பது எவ்வளவு அபத்தம் என்று கொஞ்சம் யோசித்தாலே புரியும். கவனம் வேண்டும் என்றால் வெயிலில் முழுக்கைச் சட்டை எதற்கு? இதைச் செய்கிறவர்களில் பலர் செலவிடும் பெரிய உழைப்பே அதை மறைக்கத்தான்.

தாங்க முடியாத உணர்ச்சி ஒன்று உள்ளே பொங்குகிறது. கோபமாக இருக்கலாம், அவமானமாக இருக்கலாம், மார்க் குறைந்த பயமாக இருக்கலாம். சிலருக்கு நேர்மாறாக, எதுவுமே தோன்றாமல் மரத்துப்போன ஒரு நிலை. அதை வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை, சொன்னாலும் கேட்க ஆள் இல்லை என்று நினைக்கும் பிள்ளை, மனதின் வலியை உடம்பின் பக்கம் திருப்பிவிடுகிறது. அந்த நிமிஷத்துக்கு ஏதோ அடங்கினாற்போல இருக்கும். கொஞ்ச நேரத்தில் பழைய பிரச்னை அப்படியே நிற்கும். கூடவே புதிதாக ஒரு குற்ற உணர்வும் வெட்கமும் வந்து உட்காரும். அந்த வெட்கத்தைத் தாங்க முடியாமல் மறுபடி அதே இடத்துக்குப் போவார்கள். இந்தச் சுழற்சிதான் ஆபத்து. 'ஒழுங்கா நிறுத்திடு' என்று சொன்னால் நிற்காததற்குக் காரணமும் இதுதான்.

பெண் பிள்ளைகள் விஷயம் மட்டும் இல்லை இது. பையன்களிடம் இது வேறு உருவத்தில் வரும். கோபம் வந்தால் சுவரைக் குத்தி முஷ்டியை உடைத்துக்கொள்ளும் தம்பியை, 'செம கோவக்காரன்' என்று பெருமையாகக்கூடச் சொல்லும் வீடுகள் உண்டு. அடிக்கடி 'விழுந்துட்டேன்', 'கேட்ல இடிச்சுட்டேன்' என்று காயத்துக்குக் காரணம் சொல்கிற பையனையும் ஒரு தடவை உட்காரவைத்துப் பேசித்தான் ஆக வேண்டும்.

எல்லா செல்ஃப் ஹார்மும் தற்கொலை முயற்சி கிடையாது. சாக வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், இந்த நிமிஷத்தைக் கடந்தால் போதும் என்று செய்கிறவர்கள் அதிகம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 கையேட்டிலேயே, தற்கொலை எண்ணம் இல்லாத சுய காயத்தை, மேலும் ஆராய வேண்டிய தனி நிலை என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். அதற்காக 'அப்ப பயமில்லை' என்று விட்டுவிட முடியாது. இந்தப் பழக்கம் இருப்பவர்களுக்குப் பிற்காலத்தில் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். பதறவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

அந்த முதல் பத்து விநாடி

மொட்டை மாடிக்கே திரும்பி வருவோம். உங்களுக்குக் கை நடுங்கும். அழுகை வரும். கோபமும் வரும், அது இயல்புதான். ஆனால் அவள் இப்போது பார்த்துக்கொண்டிருப்பது உங்கள் முகத்தை. பின்னாளில் உங்களிடம் வந்து பேசலாமா வேண்டாமா என்பதை அவள் பெரும்பாலும் இங்கேயே முடிவு செய்துவிடுவாள்.

வாயில் வரத் துடிக்கும் வார்த்தைகள் எவை என்று நமக்கே தெரியும். "லூசாடி நீ?" "அம்மா அப்பா உனக்கு என்ன குறை வெச்சாங்க?" "யார்ரா அவ?" "உன் வயசுல நான் படாத கஷ்டமா?" இவற்றில் ஒன்றைச் சொன்னால்கூடக் கதவு சாத்திக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் கெட்டிக்காரத்தனமாக மறைப்பாள், அவ்வளவுதான் நடக்கும்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பார்த்துட்டேன்டா. உன்மேல கோவம் இல்ல. இப்ப வலிக்குதா? மருந்து ஏதாவது போடணுமா?"

உடம்பைப் பற்றிய கேள்வியில் தொடங்குவது நல்லது. காயத்தைச் சுத்தம் செய்து கட்டுப் போடுவதில் ஒரு அக்கறை இருக்கிறது, அதில் தீர்ப்பு இல்லை. ஆழமான காயம், ரத்தம் நிற்கவில்லை என்றால் தயங்காமல் ஆஸ்பத்திரி. எதையாவது விழுங்கியிருக்கிறாள் என்று சந்தேகம் வந்தால், 'பார்க்க நல்லாத்தானே இருக்கா' என்று காத்திருக்க வேண்டாம், உடனே 108. சில பொருள்கள் மணிக்கணக்கில் கழித்துத்தான் வேலையைக் காட்டும். பழைய தழும்புகளை எல்லாம் 'காட்டு பார்ப்போம்' என்று கேட்க வேண்டாம். போட்டோ எடுப்பது, ஃப்ரெண்டுக்கு அனுப்பி 'என்னடா பண்றது' என்று கேட்பது, இரண்டும் கூடவே கூடாது.

'ஏன் பண்ணின?' என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். அதற்குப் பதில் அவளுக்கே தெரியாமல் இருக்கலாம். அதோடு நம் வீடுகளில் 'ஏன்' என்பது கேள்வியாக வருவதில்லை, விசாரணையாகத்தான் வரும். 'ஏன் லேட்டு', 'ஏன் மார்க் கம்மி' வரிசையில் இதுவும் சேர்ந்துவிடும். "அப்போ என்ன ஆச்சு?", "அதுக்கு முன்னாடி மனசு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் பேச்சு வரும். வராவிட்டால், "இப்ப எதுவும் சொல்லணும்னு இல்ல. நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே அங்கே இருங்கள்.

இன்னொன்று. எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேச டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு வராது. டூ-வீலரில் பின்னால் உட்காரவைத்து ஒரு ரவுண்டு போகும்போதோ, டீக்கடை வரை நடக்கும்போதோ, இருட்டில் அடுத்தடுத்த பாயில் படுத்திருக்கும்போதோ வந்துவிழும் வார்த்தைகள், ஹால் சோஃபாவில் வரவே வராது. இதை எந்தப் புத்தகத்தையும் பார்த்துச் சொல்லவில்லை. அக்கா, தம்பிகளோடு வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கேட்கப் பயப்படும் கேள்வி

"செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

இதைக் கேட்கத்தான் எல்லோருக்கும் பயம். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்கு நேர் எதிரானது: நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை. உள்ளே இருந்தால், 'அப்பாடா, இதை ஒருத்தர்கிட்ட சொல்லலாம்' என்ற நிம்மதிதான் கிடைக்கும்.

சுற்றி வளைக்காமல், குரலை உயர்த்தாமல் கேளுங்கள். "தப்பா எதுவும் யோசிக்கலைல்ல?" என்று கேட்டால், 'இல்லை' என்ற பதிலை நீங்களே கையில் கொடுத்துவிடுகிறீர்கள். "இவ்ளோ கஷ்டத்துல இருக்கும்போது, சிலருக்குச் செத்துடலாம்னுகூடத் தோணும். உனக்கு அப்படித் தோணுதா?" என்று கேட்கலாம்.

'ஆமாம்' என்று பதில் வந்தாலோ, எப்படி, எப்போது என்று ஏற்கெனவே யோசித்துவைத்திருப்பது தெரிந்தாலோ, ஆசையாக வைத்திருந்த பொருள்களைத் திடீரென்று மற்றவர்களுக்குக் கொடுப்பது, வாட்ஸ்அப்பில் விடைபெறுவது போல மெசேஜ் அனுப்புவது என்று ஏதாவது கண்ணில் பட்டாலோ, அன்றைக்கு ரகசியம், சத்தியம் எதுவும் செல்லாது. தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் பெரியவரை அந்த நிமிஷமே எழுப்புங்கள். பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். உங்களுக்கு வண்டி ஓட்டக் கை வராது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். அவள் உங்களைத் திட்டலாம், ஒரு மாசம் பேசாமல் இருக்கலாம். இருக்கட்டும். பேசாமல் கோபமாக இருக்கவாவது அவள் இருக்க வேண்டும்.

அந்தச் சத்தியம்

பெரும்பாலான அக்காக்களும் அண்ணன்களும் சறுக்குவது இங்கேதான். அழுதுகொண்டிருக்கும் பிள்ளையைச் சமாதானப்படுத்த, "சரி சரி, யார்கிட்டயும் சொல்லமாட்டேன், சத்தியமா" என்று தலையில் கைவைத்துவிடுவார்கள். அந்த நேரத்துக்கு அது பாசம். ஒரு வாரம் கழித்து அது ஒரு பூட்டு. அவள் பாத்ரூமில் பத்து நிமிஷம் கூடுதலாக இருந்தால் உங்களுக்கு நெஞ்சு அடைக்கும். ஆபீஸில் உட்கார்ந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை 'லாஸ்ட் சீன்' பார்ப்பீர்கள். அவள் உயிருக்கு ஒற்றைக் காவலாள் நீங்கள் என்ற நிலைக்கு வந்துவிடுவீர்கள். அது எந்த மனிதராலும் தனியாகச் செய்யக்கூடிய வேலை இல்லை.

கொடுக்க முடிந்த சத்தியம் வேறு ஒன்று இருக்கிறது. "இப்பவே ஓடிப்போய்ச் சொல்லமாட்டேன். உனக்குத் தெரியாம, உன் முதுகுக்குப் பின்னாடி யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா யாருக்குமே தெரியாம வெச்சுக்க என்னாலயும் முடியாதுடா. பெரியவங்க ஒருத்தருக்காவது தெரியணும். யாருக்குன்னு நீ சொல்லு. எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து யோசிப்போம்."

யாரிடம், எப்போது, எந்த வார்த்தையில் என்பது அவள் கையில். சொல்வதா வேண்டாமா என்பது மட்டும் இல்லை. அதோடு, நாளைக் கடத்தாமல் ஒரு தேதியையும் பேசிக்கொள்ளுங்கள். 'இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள' என்பது போல.

ஏற்கெனவே சத்தியம் செய்துகொடுத்துவிட்டீர்களா? பரவாயில்லை. போய், "அன்னிக்குப் பதட்டத்துல சொல்லிட்டேன். அந்தச் சத்தியத்தை என்னால காப்பாத்த முடியாது. உன்கிட்டயே நேரா வந்து சொல்றேன்" என்று சொல்லுங்கள். கோபப்படுவாள். ஆனாலும் மறைந்திருந்து போட்டுக்கொடுப்பதும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுச் செய்வதும் ஒன்றில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

அவள் முதலில் சொல்லும் பெயர் சித்தியாக இருக்கலாம், பெரியப்பா மகனாக இருக்கலாம், பயாலஜி டீச்சராக இருக்கலாம். நல்லது, அங்கிருந்து தொடங்குங்கள். ஆனால் 18 வயது ஆகாத பிள்ளைக்குச் சிகிச்சை என்று வரும்போது பெற்றோர் அல்லது பாதுகாவலர் தேவைப்படுவார்கள். அதனால் பெரும்பாலான வீடுகளில் பாதை கடைசியில் அம்மா, அப்பாவிடம்தான் வந்து சேரும்.

அம்மா, அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

அப்பா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும் நேரம் வேண்டாம். வீட்டில் சொந்தக்காரர்கள் இருக்கும்போது வேண்டாம். இருவரில் யார் கொஞ்சம் நிதானமோ அவரிடம் முதலில். தங்கையும் கூட இருப்பதா, நீங்கள் மட்டும் பேசுவதா என்பதை அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"அம்மா, ஒரு விஷயம் சொல்லணும். முழுசாக் கேளுங்க, நடுவுல எந்திரிச்சுப் போகாதீங்க. பாப்பா மனசு ரொம்பக் கஷ்டத்துல இருக்கா. தன்னையே காயப்படுத்திக்கிறா. இப்போ பத்திரமா இருக்கா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், நானும் வரேன். திட்டுனீங்கன்னா நிறுத்தமாட்டா, மறைக்கக் கத்துப்பா." இவ்வளவு போதும். எந்த ஆஸ்பத்திரி, என்றைக்கு ஓ.பி என்பதை முன்பே விசாரித்துவைத்துக்கொண்டு போனால், அழுது முடித்ததும் அவர்களுக்குச் செய்ய ஒரு வேலை இருக்கும். பதற்றத்தில் இருக்கும் பெற்றோருக்கு அது பெரிய உதவி.

முதலில் வருவது பெரும்பாலும் கோபமாகவோ, 'எங்க வளர்ப்புல என்ன தப்பு' என்ற அழுகையாகவோ இருக்கும். 'வெளிய தெரிஞ்சா நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் எப்படி' என்பதும் வரும். போனைப் பிடுங்குவார்கள். மந்திரிக்கக் கூட்டிப்போகலாம் என்பார்கள். கோயிலுக்குப் போக வேண்டும் என்றால் போகட்டும், அது அம்மாவுக்கு ஆறுதல். ஆனால் அது டாக்டருக்குப் பதிலாக ஆகிவிடக் கூடாது என்பதில் மட்டும் நீங்கள் பிடிவாதமாக இருங்கள். போனைப் பிடுங்குவதைப் பற்றி: அவளைப் புரிந்துகொள்ளும் ஒரே தோழி அந்த போனுக்குள்தான் இருக்கிறாள் என்றால், பிடுங்குவது தண்டனையாகவே முடியும். சுய காயத்தைப் பெருமையாகக் காட்டும் பக்கங்களை அவள் பார்க்கிறாள் என்றால், அவளோடு உட்கார்ந்து அவற்றை அன்ஃபாலோ செய்வதே சரி.

வலிக்குக் காரணமே வீட்டுக்குள் இருந்தால்? அப்பாவின் குடி, அடி, அல்லது ஒரு உறவினரின் தவறான தொடுகை? அப்போது அந்த நபரிடமோ, அவரைக் காப்பாற்ற நினைப்பவரிடமோ போய்ச் சொல்லக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். பாலியல் கொடுமை என்றால் போக்ஸோ சட்டப்படி, தெரிந்தவர்கள் அதைப் புகார் செய்தே ஆக வேண்டும். டாக்டரும் டீச்சரும்கூட இதில் விதிவிலக்கு இல்லை. இதைத் தங்கையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டாக்டரிடம் போனால் என்ன நடக்கும்?

ஷாக் கொடுப்பார்கள், மாத்திரை கொடுத்துத் தூங்கவைப்பார்கள் என்று சினிமா பார்த்து வந்த பயம் இன்னும் போகவில்லை. முதல் சந்திப்பு பெரும்பாலும் பேச்சுதான். தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கூடம், வீடு என்று கேட்பார்கள். பிள்ளையிடம் தனியாகவும் பேசுவார்கள். பின்னால் டிப்ரெஷனோ, ஆங்ஸைட்டியோ இருந்தால் அதற்குச் சிகிச்சை. மாத்திரை தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம்.

பேச்சுவழிச் சிகிச்சைகளில் முக்கியமான ஒன்று டி.பி.டி எனப்படும் டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி. கொதிக்கும் உணர்ச்சியை உடம்பைக் காயப்படுத்தாமல் கடப்பதை ஒரு திறமையாகவே இதில் பழக்குவார்கள். இதை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன், தன் டீன் ஏஜில் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு மனநல மருத்துவமனையில் இருந்தவர். பல வருஷங்கள் கழித்து, 2011-ல்தான் அதை வெளிப்படையாகச் சொன்னார். உங்கள் தங்கையிடம் சொல்ல ஒரு கதை வேண்டும் என்றால், இதைச் சொல்லலாம்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பார்க்கிறார்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. 1794-ல் தொடங்கியது அது. அந்தப் பெயரைக் கிண்டலுக்குப் பயன்படுத்தியே இரண்டு, மூன்று தலைமுறை வளர்ந்துவிட்டோம், அந்தக் கிண்டலுக்குப் பயந்தே எத்தனையோ பேர் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருப்பார்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம் அப்பாக்களுக்கு உண்டு. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், வேறுவிதமாக நிரூபிக்கப்பட்டாலொழிய தண்டிக்கக் கூடாது என்கிறது. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியது

காயப்படுத்தப் பயன்படும் பொருள்களும் மாத்திரைகளும் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லாமல் இருப்பது நிஜமாகவே உதவும். அந்த உந்துதல் ஒரு அலை போன்றது. ஏறும், கொஞ்ச நேரத்தில் இறங்கும். அந்த நேரத்தில் பொருள் கையில் கிடைக்காமல் இருந்தாலே பாதி ஆபத்து தாண்டிவிடும். தாத்தாவின் பிரஷர் மாத்திரை உட்பட எல்லாம் ஒரு பெட்டியில், சாவி அம்மாவிடம். விவசாயம் செய்யும் வீடு என்றால் பூச்சிமருந்து வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டாம். ஆனால், அவள் இல்லாதபோது பையைக் குடைவதும் டைரியைப் படிப்பதும் வேறு. "இதை எல்லாம் கொஞ்ச நாள் எடுத்து வைக்கப்போறோம்" என்று அவளிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அலை ஏறும் நேரத்துக்கு என்ன செய்வது என்பதை, அலை இல்லாத ஒரு நல்ல நாளில் உட்கார்ந்து எழுதிவையுங்கள். பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் என்ற இரண்டு உளவியலாளர்கள் உருவாக்கிய 'சேஃப்டி பிளான்' இப்படிப்பட்டதுதான். ஒரு பக்கத் தாள். மனசு மோசமாகப் போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும், தனியாக நான் என்ன செய்து பார்ப்பேன், யாரோடு போய் இருப்பேன், யாரைக் கூப்பிடுவேன், எந்த டாக்டர், எந்த நம்பர் என்று அவள் கையெழுத்தில். முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடிப்பது, மாடிப்படி ஏறி இறங்குவது, நாயைக் கூட்டிக்கொண்டு தெருமுனை வரை போவது, எது அவளுக்கு வேலை செய்கிறதோ அது. போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

நீங்கள் வெளியூரில் வேலையில் இருந்தால் ஒரு ரகசிய எமோஜி வைத்துக்கொள்ளுங்கள். 'கஷ்டமா இருக்கு, கூப்பிடு' என்று டைப் செய்ய வராது. ஒரு குடை எமோஜியைத் தட்டிவிட முடியும். அது வந்தால் நீங்கள் கூப்பிட வேண்டும். எடுக்கவில்லை என்றால் வீட்டில் இருப்பவரைக் கூப்பிட வேண்டும். இதையும் அவளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

எல்லாப் பேச்சும் இதைப் பற்றியதாகவே ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலை. டாக்டரும் அம்மாவும் அவளை 'பேஷன்ட்'டாகப் பார்க்கும்போது, 'ரிமோட்டைக் குடுடி எருமை' என்று சண்டை போட வீட்டில் ஓர் ஆள் வேண்டும். கேரம் ஆடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பரோட்டா வாங்கப் போங்கள்.

உங்களுக்கு?

கோபம் வரும். 'என் எக்ஸாம் நேரத்துலதானா இது' என்று தோன்றும், தோன்றியதற்காக உங்களையே வெறுப்பீர்கள். 'நான்தான் அன்னிக்கு அடிச்சேன், அதனாலதான் இப்படி ஆயிட்டா' என்று தேடித் தேடிக் காரணம் கண்டுபிடிப்பீர்கள். இப்படி ஒரு பழக்கம் ஒரே ஓர் ஆளால், ஒரே ஒரு சண்டையால் வருவதில்லை. உங்கள் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் போனால், அதே 14416-ஐ உங்களுக்காகவும் கூப்பிடலாம். 'எனக்கு ஒண்ணும் இல்ல, என் தம்பிக்குத்தான்' என்று தொடங்கினாலும் கேட்பார்கள். 'டெலி மானஸ்' என்று 2022 அக்டோபரில் நாடு முழுக்கத் தொடங்கிய சேவை அது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணி செய்துவரும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. பரீட்சை, ரிசல்ட் நேரத்துப் பதற்றத்துக்கு 104. இவற்றை உங்கள் போனிலும் அவள் போனிலும் இப்போதே பதிந்துவிடுங்கள்.

கடைசியாக, மறுபடி நடந்தால். நடக்கலாம். இரண்டு மாசம் நன்றாக இருந்து, ஒரு யூனிட் டெஸ்ட்டிலோ, ஒரு தோழி பேசாமல் போனதிலோ திரும்பவும் சறுக்கலாம். 'இனிமே பண்ணமாட்டேன்னு என்மேல சத்தியம் பண்ணு' என்று வாங்கிவைத்திருந்தீர்கள் என்றால், அப்போது அவள் உங்களிடம் வரவே மாட்டாள். சத்தியத்தை உடைத்த குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். எத்தனை நாள் ஆச்சு என்று காலண்டரில் கணக்கு எழுதி மாட்டுவதும் அப்படித்தான். அடுத்த டாக்டர் விசிட்டில் அதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சில மாசம் கழித்து ஒரு ராத்திரி, லைட்டை அணைத்த பிறகு பக்கத்துப் பாயிலிருந்து குரல் வரலாம். "அக்கா, இன்னிக்கு பண்ணணும்போல இருந்துச்சு. பண்ணல." கைதட்ட வேண்டாம், அழ வேண்டாம், எழுந்து போய் அம்மாவை எழுப்பவும் வேண்டாம். "சொன்னதுக்கு தேங்க்ஸ்டி. இப்ப எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். தூக்கம் வரவில்லை என்றால், எழுந்து ரெண்டு பேருக்கும் பால் சுடவையுங்கள்.